சோதனையில் குளோரின் 3, சுவரில் பாசி: ஒரு வீட்டு நீச்சல் குளத்தின் நிகழ்வு ஆய்வு

நண்பர் ஒருவர் வீட்டு நீச்சல் குளத்தில் பாசி பிடித்தது. இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். குளோரின் போடாமல் விட்டால் வெயில் காலத்தில் எந்தக் குளமும் சில நாட்களில் பச்சையாகிவிடும். ஆனால் இவர் ஒரு நாளும் விடாதவர். எட்டு மாதமாகத் தினமும் காலையில் குளோரினும் பிஎச்சும் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அந்த நோட்டில் குளோரின் 2 பிபிஎம்முக்குக் கீழே இறங்கிய நாளே இல்லை. பிஎச் 7.2க்கும் 7.6க்கும் நடுவில்தான் நின்றிருக்கிறது. அப்படியும் சுவரில் வழுவழுப்பு, படிக்கட்டு மூலையில் பச்சை, கலங்கல் நீர்.

வீட்டுக் குளங்களைப் பராமரிப்பதில் எனக்குப் பல வருடப் பழக்கம் உண்டு. அப்படியிருந்தும் காரணத்தைப் பிடிக்க இரண்டு வாரம் ஆனது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய ஒரு சோதனையை நான் செய்யவில்லை, அதுதான் தாமதத்துக்குக் காரணம். இதே கோளாறோடு இருக்கும் குளங்களைப் பிறகு வேறு இடங்களிலும் பார்த்தேன். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

குளமும் அதன் பழக்கமும்

குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். மூன்றையும் பெருக்கினால் 44.8 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 45,000 லிட்டர். இந்த எண்ணை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் மீதிக் கணக்கெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. 1 பிபிஎம் என்பது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். ஆக, இந்தக் குளத்தில் குளோரினை 1 பிபிஎம் உயர்த்த 45 கிராம் குளோரின் வேண்டும்.

மணல் ஃபில்டர், தினமும் எட்டு மணி நேரம் ஓடும் பம்ப், வாரம் ஒரு பேக்வாஷ், அதாவது ஃபில்டருக்குள் நீரைத் தலைகீழாக ஓட்டிக் கழுவி அந்த நீரை வெளியே விடுவது. குளோரினுக்கு 200 கிராம் ட்ரைக்ளோர் மாத்திரைகள், வாரத்துக்கு மூன்று, ஒரு மிதவையில் போட்டுக் குளத்தில் விட்டுவிடுவார். மாத்திரையை, மேல்நீரைப் பம்ப்புக்கு இழுக்கும் ஸ்கிம்மரின் கூடைக்குள் போடாமல் மிதவையில் போட்டது நல்ல பழக்கம். ட்ரைக்ளோர் மாத்திரை கடும் அமிலத்தன்மை கொண்டது. பம்ப் நின்றிருக்கும் நேரத்தில் அது கரைந்து குழாய்க்குள் தேங்கினால், அடுத்த முறை பம்ப் ஓடும்போது அந்தச் செறிந்த அமில நீர் நேரே பம்ப்புக்கும் ஹீட்டருக்கும்தான் போகும்.

முதல் வருகை

நான் போனபோது நிழல் விழும் பக்கத்துச் சுவர்தான் மோசமாக இருந்தது. கையால் தடவினால் வழுக்கியது. பிள்ளைகளுக்குக் கண் எரிகிறது என்றார் நண்பர். "குளோரின் அதிகமாகிவிட்டதோ என்று இரண்டு நாள் மாத்திரை போடாமல்கூட விட்டுப் பார்த்தேன்" என்றார்.

சோதனை முடிவுகள்: கட்டற்ற குளோரின் 3 பிபிஎம், மொத்தக் குளோரின் 3.8, பிஎச் 7.4, காரத்தன்மை 110. மொத்தத்திலிருந்து கட்டற்றதைக் கழித்தால் வரும் 0.8தான் கண் எரிச்சலுக்குக் காரணம். அது வியர்வை, சிறுநீர் போன்றவற்றோடு கலந்து கெட்டுப்போன குளோரின், குளோரமின் என்பார்கள். நீச்சல் குளத்தின் அந்தத் தனி வாடையும் குளோரமினிலிருந்து வருவதுதான். வாடை தூக்கலாக இருந்தால் வேலை செய்யும் குளோரின் போதவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, வாடை வந்ததும் குளோரினைக் குறைக்கிறார்கள். நண்பரும் அதைத்தான் செய்திருந்தார்.

குளோரினை வெயிலிலிருந்து காக்கும் சயனூரிக் அமிலத்தின் அளவை மட்டும் நான் பார்க்கவில்லை. என் பெட்டியில் அதற்கான மருந்து தீர்ந்திருந்தது. குளோரினும் பிஎச்சும் சரியாக இருக்கும்போது அது அவ்வளவு முக்கியமில்லை என்று நினைத்துவிட்டேன். சுவரை நன்றாகத் தேயுங்கள், பேக்வாஷ் செய்யுங்கள், இரவில் ஒரு தடவை அதிர்ச்சி அளவு குளோரின், அதாவது வழக்கத்தைவிட மிக அதிகமாக, போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பொதுவாக எல்லோரும் சொல்வதுதான்.

பூஜ்யம் காட்டிய குப்பி

மறுநாள் காலை நண்பர் பதற்றத்தோடு அழைத்தார். முந்தின இரவு 500 கிராம் அதிர்ச்சிப் பொடிப் பொட்டலம் இரண்டு போட்டிருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தால் குப்பியில் நிறமே இல்லை. பாசி எல்லாவற்றையும் தின்றுவிட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு பொட்டலம் போட்டிருக்கிறார். காலையிலும் நிறம் இல்லை. "இரண்டு கிலோ போட்டாச்சு, பூஜ்யம்னே காட்டுது. எங்கேதான் போகுது?"

"மருந்தைப் போட்டவுடனே ஒரு நொடி சிவப்பா மின்னி மறையுதா, இல்லை ஆரம்பத்திலிருந்தே வெளுப்பாவே இருக்கா?" என்று கேட்டேன். மின்னி மறைகிறது என்றார்.

யாரையும் குளத்தில் இறங்க விடாதீர்கள் என்றேன். டிபிடி என்ற அந்த மருந்து குளோரினோடு சேர்ந்தால் இளஞ்சிவப்பாகும். குளோரின் 10 பிபிஎம்மைத் தாண்டும்போது, அந்த நிறத்தையே குளோரின் வெளுத்துவிடக்கூடும். குப்பி தண்ணீர்போலத் தெளிவாக நிற்கும், பார்ப்பவருக்கு அது பூஜ்யமாகத் தோன்றும். சந்தேகம் வந்தால் ஒரு பங்கு குளத்து நீரோடு ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டும். நண்பர் அப்படிச் செய்தபோது 2.5 வந்தது. குளத்தில் இருந்தது 25 பிபிஎம்.

வீட்டில் குளம் வைத்திருக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இப்போது இதைத்தான். பூஜ்யம் என்று நம்பி மேலும் மேலும் கொட்டுவதைப்போல ஆபத்தான தவறு வேறு குறைவு.

நான்கு நாள் தெளிவு

அதற்கடுத்த நாட்களில் குளம் அழகாகத் தெளிந்தது. குளோரின் மெல்ல இறங்கி ஒற்றை இலக்கத்துக்கு வந்தது, பிள்ளைகள் மறுபடி இறங்கினார்கள். வேலை முடிந்தது என்று நானும் நினைத்தேன். பதினோராம் நாள் அதே சுவரில் அதே வழுவழுப்பு. குளோரின் 3, பிஎச் 7.4.

இந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. 25 இருந்தபோது பாசி அடங்கியது, 3க்கு வந்ததும் தலைதூக்கியது. சாதாரணக் குளத்தில் 3 பிபிஎம் தாராளமாகப் போதும். இந்தக் குளத்தில் மட்டும் 3 ஏன் 3ஆக வேலை செய்யவில்லை? நண்பரிடம், இதுவரை எத்தனை மாத்திரை போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். வாரத்துக்கு மூன்று, முப்பத்தைந்து வாரம், மொத்தம் 105 என்று நோட்டைப் பார்த்துச் சொன்னார்.

ட்ரைக்ளோர் மாத்திரையில் குளோரின் மட்டும் இல்லை. அது சயனூரிக் அமிலத்தோடு பிணைக்கப்பட்ட குளோரின். குளோரின் செலவாகிவிடும், அமிலம் நீரிலேயே தங்கிவிடும். 200 கிராம் மாத்திரை ஒன்று 180 கிராம் குளோரினைத் தருகிறது, கூடவே 111 கிராம் சயனூரிக் அமிலத்தை விட்டுச் செல்கிறது. இந்தக் குளத்தில் அது ஒரு மாத்திரைக்கு 2.5 பிபிஎம். 105 மாத்திரைக்கு சுமார் 260 பிபிஎம்.

இந்த அமிலம் ஆவியாகாது. வெயிலில் வற்றுவது தண்ணீர் மட்டுமே, அமிலம் அப்படியே நிற்கும். வற்றிய அளவுக்குப் புதுநீர் விட்டாலும் மொத்தம் குறையாது. குளத்தை விட்டு அது போக வேண்டுமென்றால் நீரோடு சேர்ந்துதான் போக வேண்டும், அதாவது பேக்வாஷிலும் பிள்ளைகள் குதிக்கும்போது தெறிப்பதிலும். வாரத்துக்கு 600 லிட்டர் என்று பேக்வாஷைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் 200க்குக் கொஞ்சம் மேலே மிஞ்சும். அதன்மேல் நாங்கள் போட்ட இரண்டு கிலோ அதிர்ச்சிப் பொடி. பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். டைக்ளோர். அதுவும் இதே குடும்பம்தான், எடையில் பாதி சயனூரிக் அமிலம். மருந்து என்று போட்டது நோயை இன்னும் 22 பிபிஎம் கூட்டியிருந்தது.

மறுநாள் புது மருந்தோடு போய்ச் சோதித்தேன். இந்தச் சோதனையில் நீர் பால்போலக் கலங்கும், குழாயின் அடியிலிருக்கும் கறுப்புப் புள்ளி எந்த உயரத்தில் மறைகிறதோ அதுதான் அளவு. அளவுகோல் 100வரைதான் உண்டு. இங்கே கொஞ்சம் ஊற்றியதுமே புள்ளி காணாமல் போனது. இப்படி ஆனால் "100" என்று எழுதிவிடக் கூடாது, 100க்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு பங்கு குளத்து நீர், மூன்று பங்கு குழாய் நீர் கலந்து மறுபடி பார்த்தேன். 55. நான்கால் பெருக்கினால் 220.

3 ஏன் 3 இல்லை

சயனூரிக் அமிலத்தைக் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வெயில் படும் குளத்துக்கு அது அவசியம். அது இல்லாவிட்டால் நல்ல வெயிலில் குளோரினில் பாதி ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அழிந்துவிடும். இந்த அமிலம் குளோரினைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொண்டு, செலவாகச் செலவாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அதனால்தான் இதற்கு ஸ்டெபிலைசர் என்ற பெயர்.

சிக்கல் அளவில்தான். பிடித்துவைத்திருக்கும் குளோரினால் பாசியையோ கிருமியையோ கொல்ல முடியாது. கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற வடிவம். ஸ்டெபிலைசர் இல்லாத நீரில் பிஎச் 7.5 இருந்தால் கட்டற்ற குளோரினில் சுமார் பாதி இந்த வடிவத்தில் இருக்கும், பிஎச் 8 ஆனால் கால்பங்குதான். எல்லோரும் பிஎச்சைப் பற்றிப் பேசுவது இதனால்தான். ஆனால் சயனூரிக் அமிலம் சேர்ந்துவிட்டால் கதை வேறு. அந்தச் சமநிலைகளை ஓ'பிரையன், மாரிஸ், பட்லர் ஆகிய மூவரும் 1974இலேயே அளந்து எழுதிவிட்டார்கள். அந்தக் கணக்கைப் போட்டால், எங்கள் குளத்தின் 3 பிபிஎம்மில் உண்மையாக வேலை செய்யும் பகுதி நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சோதனை மருந்தோ, பிடித்துவைத்த குளோரினையும் சேர்த்தே எண்ணிக் காட்டும். கணக்கில் இருக்கும், கைக்கு வராது.

பாசி கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் கவலைப்படுகிறோம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை கண்ணுக்குத் தெரியாதவை. 1 பிபிஎம் குளோரின், பிஎச் 7.5, 25 டிகிரி வெப்பம் என்ற நிலையில் ஈ. கோலை ஒரு நிமிடத்துக்குள் சாகும், ஹெபடைட்டிஸ் ஏ வைரஸுக்கு சுமார் 16 நிமிடம், ஜியார்டியாவுக்கு சுமார் 45 நிமிடம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. அந்த நேரங்கள் சயனூரிக் அமிலம் இல்லாத நீருக்கானவை. ஸ்டெபிலைசர் உள்ள குளத்தில் குறைந்தது 2 பிபிஎம், இல்லாத குளத்தில் குறைந்தது 1 என்று அதே மையம் பிரித்துச் சொல்வதற்கும் காரணம் இதுதான். 220 பிபிஎம் அமிலத்தில், பிள்ளைகள் தண்ணீரை வாயில் எடுத்துத் துப்பி விளையாடும் குளத்தில், இந்த நேரமெல்லாம் எவ்வளவு நீண்டிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை.

அனுபவத்தில் கடைப்பிடிக்கும் விகிதம் ஒன்று உண்டு. கட்டற்ற குளோரின், சயனூரிக் அமிலத்தில் 7.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் பாசி பிடிக்காது. 40 அமிலத்துக்கு 3 குளோரின் போதும். 220க்கு 16.5 வேண்டும். எங்களிடம் இருந்ததோ 1.4 சதவீதம்.

காரத்தன்மை 110 என்று வந்ததும் ஏமாற்றுதான். அந்தச் சோதனை சயனூரிக் அமிலத்தின் பங்கையும் சேர்த்துக் காட்டும். இந்த பிஎச்சில் அதன் பங்கு மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு, ஆகவே உண்மையான காரத்தன்மை 50 பக்கம்தான் இருந்தது.

நீரை மாற்றுவது

220இல் பிடித்திருக்கும் பாசியைக் குளோரினாலேயே வேரறுக்க வேண்டுமானால் 88 பிபிஎம்வரை ஏற்ற வேண்டியிருக்கும். அது நடக்கிற காரியமில்லை. நீரை மாற்றுவதுதான் ஒரே நேரான வழி.

40க்கு இறக்க வேண்டுமென்றால் பழைய நீரில் 18 சதவீதம்தான் மிஞ்ச வேண்டும். ஒரே தடவையில் செய்தால் 37,000 லிட்டர் வெளியேற்றினால் போதும். இரண்டு தடவையாகச் செய்தால் 52,000 லிட்டர் ஆகிறது, ஏனென்றால் இரண்டாம் தடவை வெளியேற்றுவதில் புதுநீரும் கலந்திருக்கும். தண்ணீர் வீணாவது எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் இரண்டு தடவையாகவே செய்யச் சொன்னேன். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் குளத்தைக் காலி செய்தால், கீழிருந்து வரும் அழுத்தம் தரையை விரிசல் விட வைக்கும், சில சமயம் குளத்தையே தூக்கிவிடும். அங்கே நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று எங்களுக்கு உறுதியாகத் தெரியவில்லை. பாதிக்கு மேல் போனாலும் கணிசமான நீர் உள்ளே இருக்கட்டும் என்று வைத்தோம்.

மாத்திரைகளை எடுத்துவிட்டு, குளோரின் ஏறக்குறைய பூஜ்யம் ஆகும்வரை காத்திருந்து, பிறகே நீரை வெளியேற்றினோம். முதல் தடவை 60 சதவீதம். நிரப்பி, பம்ப்பை ஒரு நாள் ஓடவிட்டு அளந்தால் 90 பக்கம். இரண்டாம் தடவை 55 சதவீதம், அமிலம் 40.

நான்கு நாள் போராட்டம்

நீர் மாறியது, ஆனால் சுவரிலும் ஃபில்டருக்குள்ளும் பாசி உயிரோடு இருந்தது. அமிலம் 40 என்றால் அதிர்ச்சி அளவு அதில் 40 சதவீதம், அதாவது 16 பிபிஎம். முதலில் பிஎச்சை 7.2க்கு இறக்கினோம். குளோரின் 10க்கு மேல் போனபிறகு பிஎச் சோதனையை நம்ப முடியாது, அதனால் இது முன்னாலேயே முடிந்தாக வேண்டும்.

இந்த முறை மாத்திரையும் இல்லை, டைக்ளோரும் இல்லை. திரவக் குளோரின், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட், 10 சதவீதம். அதில் லிட்டருக்கு 100 கிராம் குளோரின், ஆக இந்தக் குளத்துக்கு 450 மில்லி ஊற்றினால் 1 பிபிஎம். 16க்கு 7 லிட்டரும் கொஞ்சமும். கேன் வெயிலில் பழையதாகக் கிடந்தால் சத்து போயிருக்கும், அதனால் ஊற்றியபின் அளந்து பார்த்துத்தான் நம்ப வேண்டும். பம்ப்பை ஓடவிட்டு, நீர் குளத்துக்குள் திரும்பி வரும் வாய்க்கு எதிரே மெதுவாக ஊற்றினோம்.

அளக்கும் முறையையும் மாற்றினோம். நிறத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதை விட்டு, சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு இளஞ்சிவப்பு மறையும்வரை எண்ணும் முறை. 10 மில்லி நீர் எடுத்தால் ஒரு சொட்டு 0.5 பிபிஎம். 20வரை போனாலும் தெளிவாக எண்ணலாம்.

முதல் இரவு 16 வைத்தால் விடியற்காலையில் 9. வெயிலே இல்லாத நேரத்தில் 7 போயிருக்கிறது என்றால் தின்றது பாசி. பகலில் இரண்டு மூன்று தடவை அளந்து மறுபடி 16க்கு ஏற்றினோம். நண்பர் வீட்டில் ஆளுக்கொரு தடவை சுவரைத் தேய்த்தார்கள், செத்த பாசி சாம்பல் நிறப் பொடியாக அடியில் படிந்தது. இரண்டாம் விடியலில் 12. மூன்றாவதில் 14.5. நான்காவதில் 15.5, குளோரமின் 0.5க்கு மேல் இல்லை, ஆழமான மூலையில் தரைச் சல்லடையின் துளைகளை எண்ண முடிந்தது. இரவில் 1 பிபிஎம்முக்கு மேல் குறையக் கூடாது, குளோரமின் 0.5ஐத் தாண்டக் கூடாது, நீர் தெளிந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து வந்த பிறகே நிறுத்தினோம். தெளிந்துவிட்டது என்று மூன்றாம் நாளே நிறுத்தியிருந்தால் பாசி திரும்ப வந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். நண்பரின் கொட்டகையில் ட்ரைக்ளோர் மாத்திரையும், எப்போதோ வாங்கிய கால்சியம் ஹைப்போகுளோரைட் பொடியும் ஒரே அலமாரியில் இருந்தன. இரண்டுக்கும் ஒரே அளவுக் கரண்டி. இந்த இரண்டும் கலந்தால், கொஞ்சம் ஈரம் பட்டாலே தீப்பிடிக்கும், வெடிக்கும். இரண்டும் குளோரின்தானே என்று ஒரு வாளியில் கொட்டிவிடாதீர்கள். பிஎச் இறக்கும் அமிலத்தையும் திரவக் குளோரினையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். எந்த மருந்தையும் தண்ணீரில்தான் போட வேண்டும், மருந்தின்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அதற்குப் பிறகு

இப்போது தினமும் சாயங்காலம், வெயில் தாழ்ந்ததும், ஒரு லிட்டர் திரவக் குளோரின். அது 2.2 பிபிஎம் தருகிறது, அந்தக் குளம் ஒரு நாளில் இழப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். மேகமூட்டமான நாளில் குறைவாக, பிள்ளைகள் கூட்டமாக வந்த நாளில் கூடுதலாக. இலக்கு 4 முதல் 5, எந்த நாளும் 3க்குக் கீழே இறங்கக் கூடாது. பழைய நோட்டில் எழுதிய எண்ணோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் தெரியாது. 3 இருந்த இடத்தில் 5 இருக்கிறது, அவ்வளவே. ஆனால் நீரில் உண்மையாக வேலை செய்யும் குளோரின் எட்டு, பத்து மடங்கு கூடியிருக்கிறது. நோட்டில் சயனூரிக் அமிலத்துக்கு ஒரு பத்தி புதிதாகப் போட்டு, மாதம் ஒரு தடவை எழுதுகிறார்.

தினமும் ஊற்றுவது மாத்திரையைவிடச் சிரமம்தான், மறுக்கவில்லை. கேன் தூக்க வேண்டும், துணியில் பட்டால் வெளுத்துவிடும், அதிக நாள் வைத்திருக்கவும் முடியாது. அப்படியும் சின்னக் குளத்துக்கு நான் திரவக் குளோரினைத்தான் சொல்வேன்.

மூன்று மாதம் கழித்து அமிலம் 30க்கு இறங்கியிருந்தது, பேக்வாஷில் போனதுதான். அந்தச் சமயம் நண்பரின் குடும்பம் எட்டு நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. தினமும் ஊற்ற ஆள் இல்லை. அலமாரியில் மிச்சமிருந்த மாத்திரைகளில் எத்தனை போடலாம் என்று அவரே கணக்குப் போட்டு எனக்கு அனுப்பினார். நான்கு மாத்திரை என்றால் எட்டு நாளுக்கு 16 பிபிஎம் குளோரின், நாளுக்கு 2. அமிலம் 10 கூடி 40 ஆகும். பிஎச் கொஞ்சம் இறங்கும், வந்ததும் பார்த்துக்கொள்ளலாம். சரி, போடுங்கள் என்றேன். திரும்பி வந்த அன்று மாலை அளந்து எழுதியது: குளோரின் 4, பிஎச் 7.2, சயனூரிக் அமிலம் 40.